ஒன்றும் விழாமல் முளைத்த பல்

பாசையூர்க் கரையில் நண்டைக் கூறி விற்றுவிட்டு
நேரே வந்திருந்தேன்.
சவர்க்காரம் போட்டும் கையில் மணம் போகவில்லை.
ஜெனிற்றா வாயைத் திறக்கமாட்டேன் என்றாள்.
மூன்று இரவு நித்திரையில்லாத வாய்.

“இரவில என்ன சாப்பிடுறவா?” என்றார் நிரோஜினி மிஸ்.
“ஒண்டுமில்லை” என்றேன்.
எனக்கு எப்படித் தெரியும்,
இரவில் நான் வீட்டில் இல்லை.

விடியப்புறம் மூன்றரைக்குப்
படலை கிறீச்சிடும் சத்தத்துக்கே
பாயில் கிடந்தபடி வாய் திறக்கும் பிள்ளை.
மடியில் முடிந்து வந்த ரொபியைக்
கண் திறக்காமலே வாங்குவாள்.
மற்ற நாட்களில் இரண்டு,
கடல் ஒன்றும் தராத நாளில் நாலு.
இல்லாத இரவுகளுக்கெல்லாம்
நான் கட்டி வந்த வாடகை.
அதைக் கடவாயில் ஒதுக்கி
விடியுமட்டும் கரைய விடுவாள்.

மெற்றில்டா சொன்னாள்தான்,
“பல்லுப் போகப்போகுது.”
“பால்பல்தானே,
எப்பிடியும் விழத்தானே போகுது.”
சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு
மிஸ் என்னையும் குனியச் சொன்னார்.
“இது பால்பல். கறுத்திட்டுது, கழற்றத்தான் வேணும்.
பின்னால பாருங்கோ,
முரசுக்குள்ளால எட்டிப் பாக்குது.
அது பால்பல் இல்லை.
ஒரு பல்லும் விழாமல் ஆறு வயதில வாறது,
அதால ஒருத்தரும் கவனிக்கிறேல்லை.
போனால் வேற வராது.”

இருபது வருசமாய்
நீரோட்டம் திரும்புவதை இருட்டில் கண்டுபிடிக்கிறவன் நான்.
மகளின் வாய்க்கு உள்ளே
கடைசிவரை இருக்கப்போகிற ஒன்று
வந்து நின்றதைக் காணவில்லை.

மற்றப் பக்கத்தில் அது முழுதாய் வந்திருந்தது,
மேலெல்லாம் குழியும் வரியும்.
“சீனி ஒளிக்கிற இடம் இது. பிரஷ் போகாது.
இண்டைக்கே மூடி விடுறன்.”
ஒரு துளி வைத்து நீல வெளிச்சம் பிடித்தார்.
வலை இழுக்கையில் தண்ணீரில் பொட்டுப் பொட்டாய் எழுமே,
அந்த நீலம்.
ஜெனிற்றா விரலில் இருபது எண்ணினாள்.

அந்த வேலை எனக்கு விளங்கியது.
வள்ளத்தின் அடியில் மயிரளவு கீறல் கண்டால்
தண்ணி வரட்டும் பாப்பம் என்று
யாரும் கடலுக்குப் போவதில்லை.
கவிழ்த்துப் போட்டு, காயவிட்டு
பைபர் வைப்போம்.
ஓட்டையான பிறகு
நடுக்கடலில் வைப்பதற்குப் பெயர் பைபர் இல்லை,
பிரார்த்தனை.

கழற்றிய பல்லைக் கடதாசியில் சுற்றித் தந்தார்கள்.
வரும் வழியில், பஞ்சைக் கடித்தபடி கேட்டாள்:
“அப்பா, கறுத்தப் பல்லை
அணில் எடுக்குமோ?”
புதுப்பல் தரும் அணிலுக்கு
இப்படி ஒன்றைக் கொடுக்க அவளுக்கு வெட்கம்.
எனக்கும்.
எறிந்தோம்.
தகரத்தில் உருண்டு பீலிக்குள் விழுந்தது.
நான் உள்ளே வந்துவிட்டேன்.
அவள் கனநேரம் முற்றத்தில் நின்றாள்.

இப்போது இரவு எட்டு மணிக்கு,
எஞ்சினைத் தோளில் ஏற்றுமுன்,
கிணற்றடியில் இரண்டு பேரும்.
அவளுக்குப் பயறளவு பற்பசை.
எனக்கு எவ்வளவு என்று மிஸ் சொல்லவில்லை.
கடைசிப் பல்லை அவளால் எட்ட முடியாது,
அதை நான் தேய்க்கிறேன்,
நங்கூரக் கயிறு இழுத்துத் தடித்த விரல்களால்
இவ்வளவு சின்ன வேலை.
“துப்புங்கோ. கொப்பளிக்கக்கூடாது”
என்று எனக்குச் சொல்லித்தருகிறாள்.
அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

விடியப்புறம் படலை கிறீச்சிட
இன்னும் வாய் திறக்கிறாள், பழக்கம்.
ஈரக் கையைக் கன்னத்தில் வைக்கிறேன்.
உப்புக்கு முகம் சுழித்துத்
திரும்பிப் படுக்கிறாள்.

நேற்று மட்டும் கேட்டாள், கண் திறக்காமல்:
“ஒண்டு?”

மடியில் இருந்தது.
வெறும் வலையோடு வந்த நாள்,
கரைக்கடையில் கை தானாய் நீண்டுவிட்டது.
“மத்தியானம். சோத்தோட” என்றேன்.
கேட்டதோ தெரியாது.
முடிச்சை அவிழ்க்காமல்
வெளியே போய், ஒன்றும் படாத வலையை
இன்னொருமுறை உதறினேன்.